மூன்றாவது முறை இறக்கிய கியர்பாக்ஸ்

செல்வகுமாரைப் போன வாரம் ஒரு சிவப்புக் காருக்கு அடியில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வந்தோம். இந்த வியாழக்கிழமை காலையிலும் அவன் அங்கேயேதான் கிடக்கிறான். நடுவில் எழுந்து வீட்டுக்குப் போனான், சாப்பிட்டான், படுத்தான் என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தூங்கினான் என்று சொன்னால் மட்டும் அவன் மனைவி பானுப்பிரியா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

கார் திருவேற்காட்டுப் பரந்தாமனுடையது. அறுபதுகளில் வெள்ளைக்காரன் ஊரில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம், கூரை துணி. அதன் பழைய நாலு கியர் பெட்டி பல் உதிர்ந்து போன பிறகு, கான்டெசா காரின் ஐந்து கியர் பெட்டியை அதில் பொருத்தித் தருகிறேன் என்று செல்வகுமார் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் அணிவகுப்பு. பரந்தாமன் அதில் மனைவியோடு போகப் போவதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

அந்த எஞ்சினுக்கும் இந்தப் பெட்டிக்கும் ஜாதகப் பொருத்தம் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் வைக்க ஒரு கனத்த இரும்புத் தகட்டை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் உட்கார்ந்து கடைந்து வாங்கினான். பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான ஷாஃப்டை மூன்று விரற்கடை வெட்டிக் குறைத்தான். இரண்டு சீட்டுக்கும் நடுவில் பெட்டியை மூடியிருக்கும் தகரத்தைத் தட்டி அகலப்படுத்தினான். ஐந்து வாரம் ஆயிற்று. வேண்டாம் என்று புத்தி சொன்னவர்களே பூந்தமல்லிப் பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார்கள்.

தலையாட்டாதவர் ஒருவர்தான். குணசேகரன்.

குணசேகரன், செல்வகுமாரின் அக்கா அனுசுயாவின் கணவர். முன்பு லாரி ஓட்டினார், இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். செல்வகுமாரின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டிக்குக் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றினாலும் முதல் சுற்றை மாமாதான் ஓட்ட வேண்டும். பட்டறை திறந்த அன்றைக்கு அப்படி நடந்தது, அந்த வண்டி நன்றாக ஓடியது, அதிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. மாமா ஓட்டி முடித்துச் சரி என்று சொல்லும் வரை செல்வகுமார் ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டான். ராசி என்று சொன்னால் சிரிப்பான், ஆனால் தொட மாட்டான்.

அந்த மாமா முதல் சுற்று போய்வந்து, கிளட்ச் சரியாக விடவில்லை, கியர் பல் கடிக்கிறது என்றார். செல்வகுமார் பெட்டியை இறக்கிப் புது கிளட்ச் பிளேட் போட்டான். மறுபடி ஓட்டினார், மறுபடி கடித்தது. மறுபடி இறக்கி பிரஷர் பிளேட்டையும் பேரிங்கையும் மாற்றினான். அதற்குப் பிறகும் உதட்டைப் பிதுக்கினார். இன்று மூன்றாவது முறையாக இறக்கியிருக்கிறான்.

இறக்கியதில் தெரிந்தது ஒன்றுமில்லை.

பிளேட் புதுசாகவே இருந்தது. பேரிங் சுற்றியது. தகட்டின் நடு, எஞ்சினின் நடுவோடு ஒரு நூல் பிசகாமல் நின்றது. ஆனால் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், கியர் பற்களின் ஓரம் புதிதாகத் தேய்ந்து வெள்ளையாக மின்னியது. கடித்தது உண்மை. ஏன் கடித்தது என்பதற்குத்தான் காரணம் இல்லை.

ரிப்பேர் பெரிசாக இருந்தால் மெக்கானிக்குக் கவலை இல்லை, வேலை இருக்கிறது என்று இறங்கிவிடுவான். ரிப்பேரே கண்ணில் படவில்லை என்றால் அவனைப் போலப் பாவப்பட்டவன் கிடையாது. செல்வகுமார் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, கழற்றி வைத்ததையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான். நடுவில் பரந்தாமன் போன் செய்தார். சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று இவன் பாட்டுக்குச் சொல்லி வைத்தான்.

பிறகு எதையும் மாற்றாமல், இறக்கியதை அப்படியே ஏற்றினான். வேறு என்ன செய்ய முடியும்? சீட்டுகளுக்கு நடுவில் வரும் அந்தத் தகர மூடியை மட்டும் பூட்டவில்லை. எப்படியும் நாளைக்கு மறுபடி கழற்றத்தானே போகிறோம் என்று மூலையில் சாத்தி வைத்துவிட்டான்.

இரண்டு மணி வாக்கில் குணசேகரன் வந்தார். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டால் மூன்று மணிக்கு மேல்தான் திரும்ப அழைக்கப் போக வேண்டும். வேனின் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு அனுசுயாவும் இறங்கினாள்.

ஒரு மாதமாக அவளும் வேனில் கூடப் போகிறாள். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்களாம். புருஷனை விட்டு ஒரு மணி நேரம் பிரிய முடியவில்லை போலிருக்கிறது என்று பானுப்பிரியா கிண்டல் செய்யப் போய், அவளும் அனுசுயாவும் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த கதையை நாம்தான் பார்த்தோமே.

"இன்னா மச்சான், கோளாறு ஆப்ட்டுச்சா?" என்றார் குணசேகரன்.

"இல்ல மாமா. இந்த தபா நானும் கூட வரேன். சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு கேக்கணும்."

குணசேகரனுக்கு அது பிடிக்கவில்லை. நீ எதற்கு, இருக்கிற வேலையைப் பார் என்றார். முந்தைய மூன்று தடவையும் அவர் தனியாகத்தான் போய்வந்திருந்தார். செல்வகுமார் இடப்பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அனுசுயா வேனின் படியில் உட்கார்ந்தாள்.

அந்தக் காரில் உட்கார்ந்தால் ரோட்டில் உட்கார்ந்த மாதிரிதான். காலை நீட்டி வைக்க வேண்டும். நடுவில் மூடி இல்லாததால், ஓட்டுகிறவர் கால்களும் மூன்று பெடல்களும் செல்வகுமாருக்குப் பளிச்சென்று தெரிந்தன.

அவன் முதலில் அதையெல்லாம் பார்க்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். முதல் கியரில் ஒரு கடி, வண்டி எகிறிக் கிளம்பியது. இரண்டாவதில் இன்னும் பெரிய கடி. பைபாஸை ஒட்டிய சர்வீஸ் ரோட்டுக்கு வந்ததும் மூன்று, நாலு, ஐந்து. இவை மூன்றிலும் சத்தமே இல்லை. ஐந்தாவது விழுந்ததும் எஞ்சினின் இரைச்சல் பாதியாக அடங்கி, கார் தரையோடு வழுக்கிக்கொண்டு போனது. இதற்காகத்தான் ஐந்து வாரம். செல்வகுமாருக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் கீழே பார்த்தான்.

மாமாவின் இடது கால் கிளட்ச் பெடல் மேல் இல்லை. பக்கத்தில் தரையில் கிடந்தது. ஐந்திலிருந்து நாலுக்கு இறக்கினார், கால் அசையவில்லை. ஆக்சிலேட்டரை விட்டார், ஒரு மூச்சு பொறுத்தார், கியர் தானாக வந்து உட்கார்ந்தது. கிளட்சே மிதிக்காமல் மாற்றுகிறார். இருபது வருஷம் லாரி ஓட்டிய கைக்கு அது வரும். ஆனால் எதற்காக அப்படி மாற்ற வேண்டும்?

காலிலிருந்து செருப்பு கழன்று ஓரமாகக் கவிழ்ந்திருந்தது.

"மாமா, செருப்பு கழண்டுகிச்சு."

"இல்லயே. போட்டுகினுதான் கீறேன்," என்றார் அவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செல்வகுமார் மறுபடி கீழே பார்த்தான். கால் வெறுங்காலாகத்தான் இருந்தது.

மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருந்த இடத்தில் ஒருவர் சிவப்புக் கொடியை நீட்டினார். நிறுத்த வேண்டும். குணசேகரன் இடது கையை முழங்கால் மேல் வைத்துக் கீழே தள்ளினார். பாதம் பெடலுக்கு வந்தது, பெடல் பாதி இறங்கியது, அதற்கு மேல் போகவில்லை. கார் இரண்டு தரம் குதித்து அணைந்துவிட்டது. பார்த்தியா, கிளட்ச் கட் ஆகவில்லை என்று மாமா சொன்னார். முகம் வேர்த்திருந்தது.

செல்வகுமார் தான் ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னான். பட்டறை வழக்கத்தை மீறி அவன் கேட்டது அன்றைக்குத்தான். குணசேகரன் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, செருப்பைக் கையால் மாட்டி, சுற்றி வந்து உட்கார்ந்தார்.

பெடல் லேசாக இறங்கியது. அவன் மகள் எழிலரசி, இரண்டாம் வகுப்பு, அவள் மிதித்தால்கூட இறங்கியிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. சத்தமே இல்லை. மறுபடி முதலிலிருந்து மாற்றினான். கடிக்காதா, ஒரே ஒரு தரம் கடித்துவிடாதா என்று ஏங்கினான். எந்த ஊர் மெக்கானிக் தன் வேலையில் கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வான்? செல்வகுமார் வேண்டிக்கொண்டான். கேட்கவேண்டியவர்களுக்குக் கேட்கவில்லை.

மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, மெட்ரோ தூண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பட்டறை நெருங்கும்போது சொன்னார்.

"இன்னொரு தபா எறக்கிப் பாரு மச்சான். உள்ள இன்னாமோ கீது."

செல்வகுமாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காரில் கோளாறு இருந்தால் காலில் இல்லை என்று ஆகும். மாமா அதற்காகத்தான் மூன்று முறை இறக்கச் சொன்னார். தெரிந்தே சொன்னாரா, தன்னையே நம்பவைத்துக்கொண்டு சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம். செல்வகுமார் பதினாலு வயதில் அக்காவோடு அந்த வீட்டுக்குப் போனவன். அவர் போட்ட சோற்றில் வளர்ந்தவன்.

"சரி மாமா," என்றான்.

பட்டறைக்குத் திரும்பியதும் குணசேகரன் முகம் கழுவிவிட்டு, வேனில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். செல்வகுமார் அக்காவைத் தண்ணீர் டிரம் பக்கம் அழைத்துப் போனான்.

"மாமா காலுக்கு இன்னாக்கா?"

அனுசுயா முதலில் ஒன்றுமில்லை என்றாள், களைப்பு என்றாள். தம்பியின் முகத்தைப் பார்த்த பிறகு மறைக்கவில்லை. தீபாவளியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இப்படி ஆனதாம். சர்க்கரை நரம்பில் இறங்கிவிட்டதாம். இடது காலில் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, வலுவும் இல்லை. ஆவடியில் காட்டிய டாக்டர், ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாராம். சரியாகுமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றாராம்.

"அப்ப டெய்லி வேன எப்டிக்கா எடுக்கறாரு? நிக்கற வண்டிய கிளட்ச் இல்லாம எடுக்க முடியாதே."

"நாந்தான் அமுக்கறேன்."

அவனுக்குப் புரியவில்லை. அனுசுயா தன் இரண்டு உள்ளங்கையையும் தன் முழங்காலில் வைத்து, உடம்பைச் சாய்த்து அழுத்திக் காட்டினாள். முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவர் 'ம்' என்றதும் குனிந்து அவர் காலை அழுத்துவாள், அவர் கியரைப் போடுவார். மறுபடி 'ம்' என்றால் மெல்ல மெல்ல விட வேண்டும். வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் அவருக்குக் கிளட்ச் தேவைப்படாது. ஒரு மாசத்தில் ஒரு தரம்கூடத் தப்பியதில்லை என்று சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. செல்வகுமாரை ரொம்பப் பயமுறுத்தியது அந்தப் பெருமைதான்.

அத்தை மாமாவுக்குக் கால் பிடித்துவிடுகிறாள் என்று எழில் ஒருநாள் வீட்டில் வந்து சொன்னது ஞாபகம் வந்தது. அவனும் பானுப்பிரியாவும் அன்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எழிலு அந்த வண்டிலதான் வரா, அக்கா."

"எனக்குத் தெரியாதா? அவளோட சேத்துப் பதினாலு புள்ளைங்க. ஒவ்வொண்ணையும் எறக்கி உட்ட அப்பறந்தான் எனக்கு மூச்சே வருது."

முழுப்பரீட்சை வரைக்கும் பொறு என்று கெஞ்சினாள். இன்னும் இரண்டே மாசம். அதற்கப்புறம் லீவு, அவராகவே விட்டுவிட்ட மாதிரி இருக்கும். இப்போது நடுவில் இறக்கிவிட்டால் அவர் எழுந்து நடமாட மாட்டார், எனக்குத் தெரியும் என்றாள். நான் சொன்னால் கேட்பார் என்று செல்வகுமார் இழுத்தான்.

"கேப்பாரு. நீ சொன்னா கேட்டுடுவாரு. அதனாலதாண்டா சொல்லாதன்றேன்."

வேனிலிருந்து ஹாரன் இரண்டு முறை கேட்டது. அனுசுயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

இன்றைக்கு நான் ஓட்டுகிறேன் மாமா. ஒரே ஒரு வரி. அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே செல்வகுமார் வேனின் ஜன்னல் வரை போனான். குணசேகரன் கண்ணாடியை இறக்கினார்.

"இன்னா மச்சான்?"

"ஒண்ணுமில்ல மாமா. பாத்துப் போ."

வேன் கிளம்பியது. அக்காவின் தலை குனிந்ததையும் பிறகு நிமிர்ந்ததையும் அவன் நின்று பார்த்தான்.

அடுத்த நிமிஷம் பட்டறையைப் பூட்டாமலே ஸ்கூட்டரை எடுத்தான். எழிலை மட்டும் வேனில் ஏற்றாமல் கூட்டிவந்துவிடுவோம், மற்றதைப் பிறகு யோசிப்போம் என்பதுதான் கணக்கு. பூந்தமல்லி நெரிசலில் சிக்கி அவன் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வேனில் பாதிப் பிள்ளைகள் ஏறியிருந்தார்கள். எழில் கடைசி சீட்டில் இடம் பிடித்துவிட்டாள். அவனைப் பார்த்ததும் பின்கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினாள்.

அனுசுயா ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒருத்திக்கு ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது, உட்கார்ந்து கட்டிவிட்டாள். ஒரு பையன் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டு உள்ளே ஓடினான், அவன் வரும் வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

எழில், இறங்கு, வீட்டுக்குப் போகலாம் என்று செல்வகுமார் கூப்பிட்டிருக்கலாம். மற்ற பதின்மூன்று பிள்ளைகளும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் பிள்ளையை மட்டும் இறக்கிக்கொண்டு, இவர்களை அதே வண்டியில் அனுப்பிவிட்டு, நாளைக்கு இவர்களுடைய அம்மாக்கள் முகத்தில் எப்படி விழிப்பது? எல்லாரையும் இறக்குவது என்றால், இத்தனை பேர் முன்னால் மாமாவின் காலைப் பற்றிப் பேச வேண்டும். அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றான். அவன் நின்றுகொண்டிருக்கும்போதே கதவு சாத்தப்பட்டது.

தன்னைத் தானே சபித்துக்கொண்டு வேனின் பின்னால் போனான்.

முதல் நிறுத்தத்தில் ஒரு பெண் இறங்கினாள். அக்காவின் தலை ஜன்னலிலிருந்து மறைந்தது, வேன் நகர்ந்தது, தலை மேலே வந்தது. அதற்கடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. வேகத்தடையில், மாடு குறுக்கே வந்த இடத்தில், சிக்னலில், தலை போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறையும் செல்வகுமார் ஸ்கூட்டரின் பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். அதனால் வேனுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள்.

கூவம் பாலத்துக்கு ஏறும் மேட்டில் ஒரு தண்ணீர் லாரி நின்றுவிட்டது. அதன் பின்னால் வேன், வேனை ஒட்டி செல்வகுமார், அவனை ஒட்டி ஒரு பேருந்து. எழில் கடைசி சீட்டில் மண்டியிட்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்தி அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரி நகர்ந்தது. அனுசுயாவின் தலை குனிந்தது. வேன் ஒரு குதி குதித்து அணைந்தது. சாண் அளவு பின்னால் வந்து, பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிய நின்றது.

தலை நிமிர்ந்தது. மறுபடி குனிந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

வேன் முன்னால் போகவில்லை, பின்னால் உருண்டது.

பேருந்துக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். பக்கத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர். செல்வகுமார் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, ஒரு கையை நீட்டி வேனின் பின்கண்ணாடி மேல் வைத்தான். அந்தக் கையால் எதை நிறுத்த முடியும் என்பது அவனுக்குத் தெரியும். அப்பா கிட்டே கிட்டே வருவதைப் பார்த்த எழில், கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அவன் கை மேல் தன் கையை வைத்துச் சிரித்தாள்.